நாற்பத்தொன்றாம் கடதத்தின் முதல் வரி

1957 ஏப்ரல் 22, திங்கள். ஓசூர்

ஈஸ்டர் முடிந்த மறுநாளே கிளம்பியாயிற்று. குருபரப்பள்ளியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று பஸ்ஸை முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். அம்மா கொடுத்த முறுக்கு டின் மடியில், டிரங்குப் பெட்டி காலடியில். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வருவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

நூலகம் நான் நினைத்ததைவிடச் சின்னது. நரசிங்க ராவ் நினைவு நூலகம் என்று பெரிய பலகை. உள்ளே இரண்டே அறை. முன்னறையில் பேப்பர் படிக்கிற பென்ஷன்காரர்கள். பின்னறைதான் சேகர அறை. ராவின் தாத்தா காலத்திலிருந்து சேர்த்த ஓலைகள், கணக்குகள், பழைய பாளையத்துக் காகிதங்கள் எல்லாம் மூன்று பீரோவில். அவற்றைப் படிப்பதற்குத்தான் எட்டு வார ஆய்வு உதவி. ஜூன் 15 முடிய. பத்தொன்பது பேர் எழுதிப் போட்டார்களாம், எடுத்தது ஒருத்தியை. "முதல் லேடி ஸ்காலர் நீங்கதாம்மா" என்று காரியதரிசி சென்னகிருஷ்ணன் மூன்று தடவை சொல்லிவிட்டார். பெருமையாகச் சொன்னாரா, எச்சரிக்கையாகச் சொன்னாரா, தெரியவில்லை.

முடித்த சான்றிதழோடு போனால் சென்னைக் கல்லூரியில் டியூட்டர் வேலை விரிவுரையாளர் வேலை ஆகும். இல்லாவிட்டால் எடுத்த லீவே வேலைக்கு உலை வைத்துவிடும் என்று பிரின்சிபால் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்துச் சொல்வதெல்லாம் நடக்கும்.

ஜாகை சரோஜம்மாள் வீட்டு மாடி அறை. அந்த அம்மாள் என்னிடம் தமிழ், பால்காரனிடம் தெலுங்கு, பூனையிடம் கன்னடம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

விதிகளை வெங்கடப்பன் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். முப்பது வருஷமாகப் பின்னறைச் சாவி அவர் இடுப்பில்தான். பென்சில் மட்டும், மை கூடாது. ஈரக்கை படக்கூடாது. கட்டு அவிழ்ப்பதும் கட்டுவதும் அவர் மட்டும். ஒவ்வொன்றையும் வாங்கும்போது அதன் நிலைமையைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"பத்து வருஷமா ஓலை பார்க்கிறவள் நான்" என்றேன். கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்லிவிட்டேன்.

"ஓலை வேறங்க டீச்சரம்மா, கடதம் வேற" என்றார்.

கடதத்தை இன்றுதான் கண்ணால் பார்க்கிறேன். நீளத் துணியில் கரியும் புளியங்கொட்டைப் பசையும் பூசிக் காயவைத்து, பலகை மாதிரி விறைத்ததும் விசிறி மடிப்பாக மடித்து, அதன்மேல் மாக்கல் பலப்பத்தால் எழுதியிருக்கிறார்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து. மைசூர்ப் பக்கத்துக் கணக்கர் வழக்கமாம். நாற்பத்தொன்றாம் எண் கடதத்தின் முதல் மடிப்பைப் பிரித்து ஜன்னலோரம் காட்டினார். ஏதோ ஏரித் தண்ணீர் விவகாரமாம். கன்னட எழுத்து. இரண்டு மாதமாகப் பாலபாடம் வைத்துக் கற்றுக்கொண்டேன் என்றாலும் முதல் வரி மங்கலாக இருந்ததால் பிடிபடவில்லை. வரியின் கடைசியில் மட்டும் பளிச்சென்று நான்கு கோலம்: திறந்த வளையம் ஒன்று, தூண்டில் முள் மாதிரி இரண்டு பக்கத்தில் பக்கத்தில், வாலோடு ஒரு சுழி. முடிப்பு அலங்காரம் போலிருக்கிறது. அழகாக இருந்ததால் இங்கே வரைந்து வைக்கிறேன். நாளை ஓலைகள். வியாழக்கிழமை இதை எடுப்பேன்.

ஏப்ரல் 24

ஓலை, ஓலை, ஓலை. கையெல்லாம் லெமன் கிராஸ் எண்ணெய் வாசம்.

ஏப்ரல் 25, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மனசு அடங்குமா பார்க்கிறேன்.

மத்தியானம் வெங்கடப்பன் கடதத்தை மேஜையில் வைத்தார், கட்டு அவிழ்க்கவில்லை. "சாப்ட்டுட்டு வந்து நானே பிரிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நிமிஷம் சும்மா இருந்தேன். பத்தே பத்து நிமிஷம்! அப்புறம் கட்டை நானே அவிழ்த்தேன். முதல் வரி மங்கலாக இருந்ததே, துடைத்தால் தெரியுமே என்று — ஓலைக்கு அப்படித்தானே செய்வோம், எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் எழுத்து எழும்பி வருமே — கை தானாகப் போய்விட்டது.

துணியில் வெள்ளை வந்தது. அழுக்கு என்று நினைத்தேன். வெள்ளை அழுக்கு எங்கேயாவது உண்டா? அடி முட்டாளே, வெள்ளைதானே எழுத்து!

ஒரு வரி முழுக்கப் போய்விட்டது. பளபளவென்று கறுப்பு மட்டும் நிற்கிறது. ஈரக்கை படக்கூடாது என்று அவர் செவ்வாயன்றே சொன்னார். எண்ணெய் ஈரமில்லை என்று நினைத்தேனோ? நினைக்கவே இல்லை, அதுதான் உண்மை.

திரும்ப மடித்து, கட்டி வைத்துவிட்டேன். அவர் வந்ததும் தலைவலி என்று எழுந்து வந்துவிட்டேன். துணி டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

ஏப்ரல் 26, வெள்ளி

இன்று முறைப்படி வாங்கினேன். நிலைமைச் சீட்டில் எழுதினேன்: "முதல் வரி காலத்தால் அழிந்துள்ளது." கீழே ஜெபமணி என்று கையெழுத்து.

காலத்தால். அந்த ஒரு வார்த்தை போதும், என் வண்டவாளம் தெரிய.

வெங்கடப்பன் சீட்டை வாங்கிப் படித்தார். மடிப்பைப் பார்த்தார். முகர்ந்த மாதிரி இருந்தது — என் பயமாகவும் இருக்கலாம். சீட்டைக் கோப்பில் குத்தினார்.

நேற்று, முந்தாநாள் எழுதியதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தப் பக்கங்களைச் சேர்த்துக் குண்டூசியால் குத்தி மூடிவிட்டேன். இனித் திருப்ப மாட்டேன்.

மே 3

ஒரு வாரமாகக் குனிந்த தலை நிமிராமல் வேலை. அழிந்தது ஒரு வரிதானே, மற்றது பத்திரமாக இருக்கிறதே என்று என்னையே தாஜா செய்துகொண்டிருக்கிறேன்.

மூன்று மடிப்பு படித்தாயிற்று. மேல்பள்ளி, தொட்டனூர் என்று இரண்டு ஊர்கள். இரண்டுக்கும் ஒரே கால்வாய். மழை இறங்கியதும் கால்வாயில் வருகிற முதல் பத்து நாள் தண்ணீர் கீழேயிருக்கிற தொட்டனூர் ஏரிக்கு, அதன்பிறகே மேல்பள்ளிக்கு என்று இரண்டு ஊர்ப் பெரியதனக்காரர்களும் ஒப்பி எழுதிக்கொடுத்தது. எழுதின வருஷம் இரண்டாம் வரியில் இருக்கிறது: பிங்கள. பிங்கள அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வந்துவிடுமே. 1797-ஆ, 1857-ஆ? 1917 இல்லை, அதற்கு முன்பே இது ராவ் வீட்டுப் பெட்டியில் இருந்திருக்கிறது. பிங்களவோடு சக வருஷத்தின் எண்ணும் சேர்த்து எழுதுவதுதான் வழக்கம். அது எங்கே இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

தெரியும். முதல் வரியில்.

மே 9, வியாழன்

இன்று தொட்டனூரிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் சென்னப்பன். ஐம்பது வயதிருக்கும், தலையில் சிவப்புக் கரை துண்டு. சைக்கிளில் பதினாலு மைல். பின்னறை வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றார், காலில் புழுதியாம்.

"நாலு வருசமா எங்க ஏரி ரொம்பலிங்க. மேல்பள்ளிக்காரங்க மதகடியில கல்லு வெச்சு அடைச்சுட்டாங்க. கேட்டா கோர்ட்டுக்குப் போன்றாங்க. போனோம். அங்க அவங்க ஒரு உத்தரவு காட்றாங்க. கலெக்டர் கச்சேரி உத்தரவாம், 1835-லயாம், மொதல் தண்ணி அவங்களுக்காம். எங்ககிட்ட இன்னா இருக்குது? பெரியவங்க சொன்ன பேச்சுதான். அப்பறம் வெங்கடப்பண்ணன் சொன்னாரு, இங்க ஒரு கடதம் கீதுன்னு."

நிதானமாகக் கேட்டார்: "அது அந்த உத்தரவுக்கு முன்னதா, பின்னதாங்கம்மா?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். 1797 என்றால் உத்தரவு அதை அடித்துவிட்டது, மேல்பள்ளி ஜெயிக்கும். 1857 என்றால் உத்தரவுக்குப் பிறகும் இரண்டு ஊரும் கூடிப் பேசித் தொட்டனூருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், தொட்டனூர் ஜெயிக்கும். கோர்ட் கேட்பதும் அது ஒன்றைத்தான். ஜூலையில் வாய்தாவாம்.

"வருஷ எண் அழிஞ்சிருக்குங்க" என்றேன்.

"எப்பங்க அழிஞ்சுது?"

பென்சிலைச் சீவத் தொடங்கினேன். வெங்கடப்பன் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். சாத்தியிருந்த ஜன்னலையே திரும்பச் சாத்தினார்.

மே 13

சாப்பாடு இறங்கவில்லை. "ஏன்மா, களி பிடிக்கலியா, அரிசி வடிக்கட்டுமா?" என்று சரோஜம்மாள் கேட்டாள். களி என்ன செய்யும் பாவம்.

மே 18, சனி

நடந்துவிட்டது. நான் பயந்தது வேறு, நடந்தது வேறு.

தொட்டனூர் வக்கீல் கடிதம் எழுதியதால் காரியதரிசி இன்று நாற்பத்தொன்றை எடுக்கச் சொன்னார். கூடவே ராவ் தம் கையால் 1931-ல் எழுதிய அட்டவணையையும் கொண்டுவரச் சொன்னார். அதில் இருப்பது: "41. கன்னடக் கடதம். பதினெட்டு மடிப்பு. ஏரித் தண்ணீர் உடன்படிக்கை, பிங்கள. முழுமை. நல்ல நிலை." பாவி மனுஷன், பிங்கள என்று எழுதியவர் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதி வைத்திருக்கக் கூடாதா?

சென்னகிருஷ்ணன் கத்துகிறவர் இல்லை. குரல் தாழ்ந்தால்தான் ஆபத்து. "1931-ல முழுசா இருந்தது இப்ப எப்படிப் போச்சு, வெங்கடப்பா? உன்னைத் தவிர யாரு கைப்படுது இங்க?"

"நாலஞ்சு வருசம் முன்ன கூரை ஒழுகிச்சுங்க. பொட்டியத் தள்ளி வெச்சேன். தண்ணி படலிங்க."

"படலேன்னா?"

காரியதரிசி என் பக்கம் திரும்பினார். என்னுடைய நிலைமைச் சீட்டு அவர் கையில். "நீங்க பார்க்கும்போதே இப்படித்தானேம்மா இருந்தது?"

"ஆமாம்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது! எச்சில்கூட விழுங்கவில்லை. மே 30 கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, ஜூன் ஒன்றிலிருந்து வெங்கடப்பனை நிறுத்திவிடப் போகிறார்களாம். அவர் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இப்ப வேணாம், முப்பதாம் தேதி வரைக்கும் வெச்சிரு" என்றார் காரியதரிசி. திரும்ப எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதைப் பார்க்க முடியவில்லை என்னால்.

மே 19, ஞாயிறு

ஆலயத்துக்குப் போனேன். இன்று இராப்போஜனம். எல்லோரும் எழுந்து முன்னே போனார்கள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் முழங்கையால் இடித்தாள், "மேலுக்கு முடியலியா?" என்று. தலையை மட்டும் ஆட்டினேன். ஞானஸ்நானம் பெற்ற நாளாக எதற்கும் பின்வாங்காத பெண் என்று அப்பா என்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வார். இன்று பார்த்திருக்க வேண்டும்.

மே 22, புதன்

வெங்கடப்பனிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். ஓலைக்கட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வெங்கடப்பன், அந்த நாற்பத்தொன்று..." என்று தொடங்கினேன்.

"தெரியுங்க" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு சாப்ட்டு வந்தேனுங்களா, முடிச்சு என் முடிச்சு இல்ல. மறுநாள் பிரிச்சா எண்ணெ வாசன. இங்க எண்ணெ வெச்சிருக்கறது நீங்க ஒருத்தருதானே."

"அப்போ ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்." கட்டைத் தட்டுவதை நிறுத்தவில்லை. "அப்பறம் பாத்தா, என்மேலயும் தப்பு கீதுங்களே. ஒருத்தர மட்டும் விட்டுட்டு ரூமத் தெறந்து போட்டு போவக்கூடாது. ராவ் இருக்கறப்பவே ரூலு அது. பசின்னு போய்ட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் அழுதிருப்பேன். கோபப்படவில்லை. அதனால் நான்தான் கோபப்பட்டேன்: "சொல்லியிருக்கணும் நீங்க! முப்பது வருஷ வேலை போகுது, தெரியலியா உங்களுக்கு!" என்று அவரிடமே கத்திவிட்டு வந்தேன். என்ன ஜன்மம் நான்?

மே 25, சனி. கிருஷ்ணகிரி

வீட்டுக்கு வந்தேன், அப்பாவிடம் சொல்லலாமென்று. வந்ததும் வராததுமாக அப்பா பக்கத்து வீட்டு சிங்கராயரைக் கூப்பிட்டு, "பெரிய பெரிய பண்டிதர்லாம் கேட்டாங்க, நம்ம ஜெபாவுக்குத்தான் குடுத்திருக்காங்க" என்றார். அம்மா விரிவுரையாளர் வேலைக்குப் போக என்று இரண்டு கைத்தறிச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். காபியைக் குடித்தேன். சேலை நன்றாயிருக்கிறது என்றேன். சொல்லவில்லை.

மே 26

பஸ்ஸில் ஒரு கடிதம் யோசித்தேன். "தவறுதலாக..." என்று தொடங்குகிறது. தவறுதலாக அழித்தேன் என்பது சரி. தவறுதலாகவா "காலத்தால்" என்று எழுதினேன்? தவறுதலாகவா "ஆமாம்" என்றேன்? கடிதம் முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டது.

மே 27, திங்கள்

மெதுவாக எழுதுகிறேன், பிசகாமல்.

கடிதத்தில் போட, அழித்த தேதி சரியாக வேண்டியிருந்தது. ஆகவே குண்டூசியைப் பிடுங்கினேன். ஊசி துருப்பிடித்திருந்தது. வியாழன் 25 என்று குறித்துக்கொண்டேன். எதிர்ப் பக்கத்தில் 23. அதன் அடியில் நான் வரைந்து வைத்த "அலங்காரம்".

திறந்த வளையம். முள். முள். வாலோடு சுழி.

ஒரு மாதமாகச் சரோஜம்மாள் வீட்டுக் கூடத்தில் பெங்களூர்க் காலண்டர் ஒன்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். தேதியெல்லாம் கன்னட எண்ணில். நோட்டை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன், செருப்புக்கூடப் போடவில்லை.

"இது என்ன எண், சொல்லுங்க" என்று நோட்டை நீட்டினேன்.

சரோஜம்மாள் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "ஒண்ணு, ஏழு, ஏழு, ஒம்பது. ஏம்மா, இது தெரியாமயா கன்னடம் படிக்கிறே?"

பாலபாடத்தில் பக்க எண்ணெல்லாம் இங்கிலீஷ். எழுத்து கற்றுக்கொண்டேன், எண் கற்றுக்கொள்ளவில்லை. எம்.ஏ. படித்த லட்சணம்!

சக வருஷம் 1779. மார்ச் மாதத்திலிருந்து ரேடியோவில் சக வருஷம் 1879 என்று தினமும் சொல்கிறார்களே. அதிலிருந்து சரியாக நூறு குறைவு. 1857. இரண்டாம் பிங்கள. 1797-ஆக இருந்தால் சக வருஷம் 1719. இரண்டு முள் பக்கத்தில் பக்கத்தில் வரவே வராது.

தொட்டனூருக்குத்தான் தண்ணீர். அது உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறது. இந்த நோட்டில்.

மே 28, செவ்வாய்

சந்தோஷம் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அப்புறம் உறைத்தது: இதை எப்படிக் கொடுப்பேன்?

அந்தத் தாளை மட்டும் கிழித்துக் கொடுக்கலாம். கிழித்த தாளை யார் நம்புவார்கள்? நேற்று வரைந்தது என்று மேல்பள்ளி வக்கீல் சொல்லுவான். நானாக இருந்தாலும் சொல்லுவேன். கட்டுக் குலையாத நோட்டில், முன்னும் பின்னும் தேதியோடு இருந்தால்தான் அது சாட்சி. அப்படியென்றால் எதிர்ப் பக்கமும் சேர்ந்துதான் போகும். துணி, வெள்ளை, கட்டி வைத்தது, எல்லாம்.

எதிர்ப் பக்கம் இல்லாவிட்டாலும் தப்ப முடியாது. 23-ஆம் தேதி பளிச்சென்று இருந்த எண் 26-ஆம் தேதி "காலத்தால்" அழிந்ததென்றால், மூன்று நாளில் அவ்வளவு காலம் எங்கிருந்து வந்தது என்று சின்னக் குழந்தைகூடக் கேட்கும்.

வாயை மூடிக்கொண்டால் சான்றிதழ், வேலை, அம்மாவின் சேலை. கொடுக்க வேண்டியதே இல்லை. யாருக்கும் தெரியாது. வெங்கடப்பனுக்குத் தெரியும், அவர் சொல்ல மாட்டார். சொல்ல மாட்டார் என்பதுதான் கழுத்தைப் பிடிக்கிறது.

இதில் என்னென்ன எழுதியிருக்கிறேன் என்று இன்று முழுக்கப் படித்தேன். பிரின்சிபால் சிரிப்பைப் பற்றி எழுதியிருக்கிறேன். இராப்போஜனம். அப்பா. இதையெல்லாம் கோர்ட்டில் யாரோ ஒரு குமாஸ்தா உரக்கப் படிப்பான்.

மே 29

பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 30, வியாழன்

பதினோரு மணிக்குக் கமிட்டி. தலை சீவி, வெள்ளைச் சேலை கட்டியாயிற்று. எண்ணெய்த் துணியையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

இந்த நோட்டில் இதுதான் கடைசி. இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு: ஏப்ரல் 23-லிருந்து இங்கே ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் இன்னும் கொஞ்சம் நல்லவளாகத் தெரிந்திருப்பேன். வெங்கடப்பன் மேல் தப்பில்லை.

— ஜெபமணி

ஜூன் 2, ஞாயிறு. கிருஷ்ணகிரி (புது நோட்டு)

கமிட்டியில் ஐந்து பேர். நோட்டை மேஜைமேல் வைத்தேன், துணியை அதன்மேல் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். இடையில் ஒருவர் தண்ணீர் கொடுத்தார், அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

சென்னகிருஷ்ணன் 23-ஆம் தேதிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். 25-ஐப் படித்தார். மே 18-ஐயும் படித்தார், அதில் அவர் இருக்கிறாரே. கண்ணாடியைக் கழற்றினார். "இது கையை விட்டுப் போனா வேலை போயிடும்மா. யோசிச்சுத்தான் செய்றீங்களா?"

"யோசிச்சு அஞ்சு வாரம் சும்மா இருந்தேங்க. இப்ப யோசிக்கல" என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் வந்தது. அப்புறம் அழுதுவிட்டேன், எல்லோர் முன்னாலும், மூக்கெல்லாம் ஒழுக.

ஆய்வு உதவி அன்றோடு ரத்து. கல்லூரிக்கு எழுதிவிடுவார்கள். வெங்கடப்பன் மேல் போட இருந்த தீர்மானத்தைக் காரியதரிசி தம் கையாலேயே அடித்தார். வெளியே வந்தபோது வெங்கடப்பன் வராந்தாவில் நின்றார். என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி பஸ் மேலே ஏற்றினார், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல.

அப்பாவிடம் இன்று காலையில் சொன்னேன். ஆலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நின்றார். "சரி, வா, நேரமாச்சு" என்றார். திரும்பும்போது கீரை வாங்கினார்.

ஜூன் 19

கல்லூரிக் கடிதம் வந்தது. இரண்டே வரி. எதிர்பார்த்ததுதான், வேலை இல்லை. அம்மா சேலைகளைப் பெட்டி அடியில் வைத்துவிட்டாள்.

ஜூலை 24

கோர்ட்டில் மூன்று மணி நேரம் கூண்டில் நின்றேன். மேல்பள்ளி வக்கீல் கேட்டார்: "பொய் எழுதினதா நீங்களே ஒத்துக்கறீங்க. அப்ப இந்தப் படம் மட்டும் நிஜம்னு எப்படி நம்பறது?" "அது எண் என்றே அன்றைக்கு எனக்குத் தெரியாதுங்க. தெரியாத ஒன்றில் எப்படிப் பொய் சொல்வது?" என்றேன். முன்சீப் நோட்டை வாங்கி அந்த வரியைப் படித்தார்: "முடிப்பு அலங்காரம் போலிருக்கிறது." கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

செப்டம்பர் 21, சனி

ஆகஸ்டிலிருந்து இங்கே மிஷன் பெண்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ஐம்பத்திரண்டு பெண்கள், ஐம்பத்திரண்டு பலப்பங்கள். கரும்பலகையைத் துடைக்கிற ஒவ்வொரு தடவையும் துணியில் ஒட்டிய வெள்ளையைப் பார்க்கிறேன். அவர்களுக்கு என்ன தெரியும்.

இன்று லீவு. காலைப் பஸ்ஸில் ஓசூர் போனேன். உதவியும் இல்லை, சான்றிதழும் இல்லை, சும்மா ஒரு வாசகியாக வரலாமா என்று எழுதிக் கேட்டிருந்தேன். நாற்பத்தொன்றில் பதினோராம் மடிப்போடு நிற்கிறது, மிச்சம் ஏழு. "வரலாம், விதிகளுக்கு உட்பட்டு" என்று சென்னகிருஷ்ணன் பதில் போட்டிருந்தார்.

வழியில் தொட்டனூர்ப் பிரிவில் சென்னப்பன் பஸ் ஏறினார். கேஸ் முடியவில்லை, தீர்ப்பு வரும்வரைக்கும் கடதத்தில் உள்ளபடி விடவேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. நகல் வைத்துக்கொண்டு கடதத்தையும் நோட்டையும் நூலகத்துக்கே திருப்பிவிட்டார்களாம். மதகடிக் கல்லை எடுத்து இன்றோடு பன்னிரண்டு நாள். "ஏரி ரொம்பிக் கடவாசல்ல தண்ணி வழியுதுங்கம்மா" என்றார். பிறகு சங்கடமாக, "நீங்க அழிச்சீங்கன்னு கேட்டப்ப ஊரே உங்கள வெஞ்சது. இப்பவும் ரெண்டு பேரு வெய்றாங்க" என்றார். வையட்டும்.

வெங்கடப்பன் இடுப்பில் அதே சாவி. அட்டவணையைத் திறந்து காட்டினார். கடைசியில், அவருடைய கோணல் எழுத்தில்: "212. தமிழ் நாட்குறிப்பு. காகிதம். 1957. கடதம் 41-உடன் சேர்த்து வைக்கப்பட்டது. முழுமை. நல்ல நிலை. சில தாள்களில் குண்டூசித் துளை."

"பாக்கறீங்களா?" என்றார்.

வேண்டாம் என்றேன். நாற்பத்தொன்றை மட்டும் கேட்டேன். சீட்டு எழுதினேன்: "முதல் வரி என்னால் அழிக்கப்பட்டது. மற்றவை தெளிவு." அவர் அதை வாங்கிக் கோப்பில் குத்தினார். ஏப்ரல் சீட்டுக்கு மேலேயே குத்தினார். கட்டை அவிழ்த்து, பன்னிரண்டாம் மடிப்பைப் பிரித்து வைத்தார்.

வேலை ஓடியது தெரியவில்லை. முன்னறைக் கடிகாரம் ஒரு மணி அடித்தது. வெங்கடப்பன் எழுந்து, தூக்குப் பாத்திரத்தை எடுத்து வந்து, வாசற்படியில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்து, களியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"நீங்க எழுதுங்க டீச்சரம்மா" என்றார். "நான் இங்கயே இருக்கறேன்."